நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

இடது அக்குளில் அந்தக் கட்டியை முதன்முதலாகத் தொட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. குளித்துவிட்டு ரவிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். கை உரசும் இடத்தில் விரலுக்கடியில் ஏதோ உருண்டது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு இருக்கும். அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை மறந்தும் போனேன்.

தொம்மலூரில் ஒரு பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு ஆஸ்டின் டவுனில், மாமனார் கட்டியது. கீழே நானும் கணவரும். அவருக்கு அதே தெருமுனையில் பேட்டரிக் கடை. மகன் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மாடியில் என் நாத்தனார், கணவருக்கு நேர் இளையவள். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே புருஷனை விபத்தில் இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பகுதியில் வேலை. எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதில்லை. பெரிய சண்டை எதுவும் கிடையாது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்த மறந்தது என்கிற மாதிரிச் சின்னச் சின்ன உரசல்கள்தான். எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டாள். காய்கறிக்காரரிலிருந்து கேஸ்காரர் வரை எல்லோரையும் நிறுத்திவைத்து ஏன், எதற்கு என்று கேட்பாள். அந்தக் குணம்தான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது.

கட்டி அடங்கவில்லை என்றதும் எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். வேர்வைக் கட்டியாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தும் அது அங்கேயே இருந்தது. எதற்கும் ஒரு மேமோகிராம் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தேன். இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து நசுக்கியபோது வந்த வலிதான் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று இருந்தது. மார்பின் திசு அடர்த்தியானது என்று ஒரு வரியும் இருந்தது. அதை நான் வயதையும் உயரத்தையும் போல ஒரு விவரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். டாக்டர் கையாலும் சோதித்துப் பார்த்துவிட்டு, மார்பில் ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் கணவர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தார். அவர் முகத்தில் அத்தனை நாளாக இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. நாத்தனார் ஆபீஸிலிருந்து நேரே கீழ் வீட்டுக்கு வந்தாள். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"எல்லாம் நார்மல்னா, அந்தக் கட்டி எதுக்கு அண்ணி அங்க இருக்குது?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. டாக்டரே விட்டுவிட்ட விஷயத்தை நீ ஏன் கிளறுகிறாய் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். கணவரும் அவளை அடக்கினார். அவள் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பயம் எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் எட்டாவதில் செல் பிரிவதைப் பற்றிய பாடம். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது என்று கரும்பலகையில் வட்டங்களாகப் போட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றுவிட்டேன். இடது கையை உடம்போடு ஒட்டி இறுக்கி வைத்திருந்தேன். விட்டால் ஏதோ விழுந்துவிடும் என்பதுபோல. பிள்ளைகள் நோட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு கட்டியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், சமையலுக்கு நடுவில். ஒரு நாள் சிறிதானது போல இருக்கும், மறுநாள் பக்கத்தில் இன்னொன்று இருப்பது போல இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

நாத்தனார் என்னைக் கேட்காமலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பக அறுவை சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். ஆபீஸுக்கு லீவும் போட்டிருந்தாள். அவள்மேல் கோபம் வந்தது. ஆனாலும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நானாகப் போயிருக்கவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தமிழாகத்தான் இருக்கிறது. அக்குளில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பேசிக்கொண்டே பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மார்பை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அக்குள் கட்டியைச் சும்மா விட முடியாது என்று தடித்த ஊசியால் அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று கணவரும் வந்திருந்தார். டாக்டர் எங்களை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"கட்டியில இருக்கிறது கேன்சர் செல்தான். ஆனா அது அங்க பொறந்தது இல்ல. மார்புலேர்ந்து வந்திருக்குது. செல்லைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"மார்புல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"இல்லன்னு சொல்ல முடியாதும்மா. தெரியலன்னுதான் சொல்லலாம்."

நான் ஆசிரியை என்று அவருக்குத் தெரியும். அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மேமோகிராம் படத்தில் கொழுப்பு கருப்பாகத் தெரியும், அடர்ந்த திசு வெள்ளையாகத் தெரியும், புற்றுநோயும் வெள்ளையாகத்தான் தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நான் படித்தும் பொருட்படுத்தாமல் விட்ட அந்த ஒரு வரிக்கு அர்த்தம் இதுதான் என்று அப்போது விளங்கியது.

பக்கத்தில் ஏதோ சரிகிற சத்தம். திரும்பினால் கணவர் நாற்காலியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்த்து உதடு வெளுத்திருந்தது. நர்ஸ்கள் ஓடி வந்து அவரை அங்கிருந்த மேஜையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். வியாதிக்காரி நான் நிற்க, அவருக்கு வைத்தியம் நடந்தது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அதற்குப் பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவில்லை. கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு வந்தது நாத்தனார்தான்.

வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கான முடிவு வரும்வரை முதுகில் வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். தலை வலித்தால் மூளைக்கு. இருமல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்குக் காத்திருந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் குளித்தேன். என் உடம்பு எனக்கே வேண்டாத ஒன்றாகிவிட்டது. உள்ளே ஒருவன் ஒளிந்திருக்கிறான், வீட்டுக்காரிக்கே அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று தெரியவில்லை. பகலெல்லாம் அவன் இருக்கும் வீட்டில்தான் நான் சாப்பிட்டேன், பாடம் நடத்தினேன், துணி மடித்தேன்.

அந்த ஸ்கேனில் நோய் இருக்கும் இடம் மின்னும். எனக்கு அக்குள் மட்டும்தான் மின்னியது. வேறெங்கும் பரவவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் மார்பில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதிலும் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நாத்தனார் கேட்டாள். டாக்டர் மறைக்கவில்லை. ஒன்று, மார்பை முழுதாக எடுத்துவிடுவது. அல்லது, மார்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுப்பது. முடிவு நாங்கள் சேர்ந்து எடுக்க வேண்டியது என்றார். எடுத்த மார்பை வெட்டிப் பார்த்தால் அதற்குள் இருக்குமில்லையா என்று நான் கேட்டேன். சில பேருக்கு அப்படியும் கிடைப்பதில்லை என்றார்.

அந்தப் பதில்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. உறுப்பை இழப்பதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் இழந்த பிறகும் அது எங்கே இருந்தது என்று தெரியாமலே போனால், போய்விட்டது என்று எப்படி நம்புவேன்? வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், "எடுத்துடச் சொல்லு, நீ இருந்தா போதும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கும் நாத்தனார் அன்று எதுவும் கேட்காமல் எனக்கு ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள்.

எம்.ஆர்.ஐ. அறை குளிராக இருந்தது. குப்புறப் படுக்க வேண்டும். மார்பு தொங்கும்படி பலகையில் இரண்டு பள்ளங்கள். கையில் மருந்து ஏற்றுவதற்கு ஊசி. உள்ளே அனுப்பிய நர்ஸ் பெண் என் தோளைத் தட்டி, "சொல்ப, கொஞ்சம் கூட அசையாதீங்க மேடம். அசைஞ்சா திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும்" என்றாள். காதை மூடினார்கள். உருளைக்குள் போனதும் இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. தகரக் கொட்டகைமேல் யாரோ சம்மட்டியால் அடிப்பது மாதிரி, பிறகு பெரிய தையல் மெஷின் ஓடுவது மாதிரி. முகத்தை ஒரு வளையத்தில் பதித்திருந்தேன். கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் மட்டும். மூச்சு விட்டால் அசைந்துவிடுவேனோ என்று பயம். மூச்சை அடக்கினால் இன்னும் வேகமாக வந்தது. ஒரு கட்டத்தில் மருந்து ஏறிக் கை வழியாகக் குளிர் தோள்வரை வந்தது. அப்போது நான் வேண்டிக்கொண்டது இன்றைக்கும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. தெரிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் மார்பில் புற்றுநோய் இருப்பது தெரியட்டும், கடவுளே, இந்தத் தடவையும் ஒன்றுமில்லை என்று வந்துவிடக் கூடாது.

வெளியே வந்தபோது வளையத்தின் விளிம்பு முகத்தில் பதிந்து கோடாகியிருந்தது. நாத்தனார் அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்தால் போகாது என்று அவளுக்கும் தெரியும்.

டாக்டர் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மருந்து ஏறிய இடம் மட்டும் பளிச்சென்று தெரியும் படம் அது. மார்பின் ஆழத்தில், நெஞ்சுச் சதையை ஒட்டி, மிளகளவு ஒரு வெளிச்சம். மேமோகிராம் தட்டுகளுக்கு நடுவே இழுத்து வைக்க முடியாத மூலை அது என்றார். ஆனால் வெளிச்சம் என்பதாலேயே அது புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது, சதை எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். மறுபடி அல்ட்ராசவுண்ட். இப்போது எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கருவியைச் சாய்த்து அழுத்தி, கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி, வெகுநேரம் தேடினார்கள். ஸ்கேன் பார்த்தவர் மெதுவாக, "சிக்கிடுச்சு" என்றார். முன்பு பார்த்தபோது யாருடைய கண்ணிலும் படாமல் நழுவிய சின்ன நிழல். ஊசி போட்டு எடுத்தார்கள்.

அக்குளில் இருந்ததும் அங்கே இருந்ததும் ஒன்றேதான் என்று முடிவு வந்தது.

கேட்டுவிட்டு வெளியே வந்தோம். லிஃப்டுக்குக் கூட்டம் நின்றதால் படியில் இறங்கினோம். பாதியில் நாத்தனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் புருஷன் போனபோதுதான். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"நான் அன்னிக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாதோன்னு தெனமும் நெனச்சேன் அண்ணி. நான் கேட்டதாலதான் உனக்கு இதெல்லாம் வந்துச்சோன்னு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீ கேக்காம இருந்தா நான் அந்த ரிப்போர்ட்ட பீரோல வெச்சிப் பூட்டிட்டு இருந்திருப்பேன்" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு உன்மேல் பிரியம் எல்லாம் கிடையாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அண்ணன் தனியாகிவிடுவானே என்றுதான் பயந்தேன் என்றாள். பொய் என்று இருவருக்கும் தெரியும். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. முதலில் கீமோ. கீமோவில் அந்த மிளகு கரைந்துபோனால் பிறகு இடம் தெரியாமல் போய்விடும் என்று, முன்கூட்டியே அங்கே ஊசி வழியாக ஒரு பொடி உலோகத் துண்டை அடையாளத்துக்கு வைத்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த அடையாளமும் நகர்ந்துவிட்டால்? ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் அதையே கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார். முடி கொட்டியது. மகனிடம் அதற்குமேல் மறைக்க முடியாமல் சொன்னோம். அவன் மைசூரிலிருந்து கிளம்பி வந்து, என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான். பிறகு அறுவை. மார்பை முழுதாக எடுக்கத் தேவைப்படவில்லை. இடம் தெரிந்ததால் அந்தப் பகுதியையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் மட்டும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. முடிச்சுகளை எடுத்ததால் இடது கை இன்னும் கனமாக இருக்கிறது. அதில் ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ யாரையும் விடுவதில்லை. வகுப்பில் சுவரில் படம் மாட்ட வேண்டியிருந்தால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மாட்டச் சொல்கிறேன்.

மீண்டும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நாத்தனாரிடம், நீ எப்போதாவது சோதனை செய்துகொண்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஏன் என்றேன், பேச்சை மாற்றினாள். விடாமல் கேட்டேன். கடைசியில், "பயமா இருக்குது அண்ணி. உனக்குத் தேடினாங்களே, அது மாதிரி என்னையும் தேட ஆரம்பிச்சிட்டா?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை அவளை நான் அழைத்துக்கொண்டு போனேன். அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. வெளியே நீல நாற்காலியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும்போது குறைந்தபட்சம் சொன்னதைச் செய்யலாம், கையைத் தூக்கலாம், மூச்சைப் பிடிக்கலாம். வெளியே செய்வதற்கு ஒன்றுமில்லை. கைப்பையின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக எத்தனை தடவை அவள் இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். வந்தவர்கள் வேறு யாரோ.

அவளுக்கும் அடர்ந்த திசுதான். படத்தில் எதுவும் இல்லை. டாக்டர் அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்த்துவிட்டார், அதிலும் இல்லை. வருடா வருடம் வரவேண்டும், நடுவில் உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும் ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்றார். நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பும்போது ரிச்மண்ட் ரோட்டில் ஆட்டோ சிக்னலில் நின்றது. எதிரே வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்க்ரீம் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னோம். இருவரும் நடைபாதையில் நின்று, ஒழுகுகிற ஐஸ்க்ரீமைக் கையில் வழியவிட்டுச் சாப்பிட்டோம்.

எனக்கு அடுத்த மாதம் ஸ்கேன் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது நெருங்கும்போது சாப்பாடு இறங்காது, குரல் உயரும், கணவர் கடையிலேயே அதிக நேரம் இருப்பார். டாக்டரிடம் இந்தப் பயம் எப்போது போகும் என்று ஒரு முறை கேட்டேன். போகாது, ஆனால் உங்களோடு உட்கார்ந்து பழகிவிடும் என்றார். இன்னும் பழகவில்லை. தேதியை நாத்தனார் தன் போனில் குறித்துக்கொண்டு, லீவு சொல்லிவிட்டாள்.